ஸ்டீவ் ஏர்ள்: பிறர் கூற்றாய் எழுந்த பாடல்

மக்கள் சார்பாக நிற்கும் கலைஞன் மக்களைப் பற்றிப் பாடவேண்டுமா, அன்றி மக்களுள் ஒருவனாக நின்று பாடவேண்டுமா என்னும் வினா புதியதன்று. கொள்கைத் தெளிவு மிக்க படைப்புகள் பல உயிரற்ற கோஷங்களாக முடிந்ததை நாம் கண்டிருக்கிறோம். கொள்கையே வேண்டாமென ஒதுங்கிய படைப்புகள் வெறுஞ் சொல்லலங்காரமாய் ஒழிந்ததையும் கண்டிருக்கிறோம். இவ்விரு குழிகளுக்கும் இடையிலுள்ள ஒற்றையடிப் பாதையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக, இடறியும் எழுந்தும் நடந்து வருபவர் அமெரிக்கப் பாடலாசிரியரும் பாடகருமான ஸ்டீவ் ஏர்ள். அவருடைய பாடல்களை ஆராய்வது மேற்கூறிய வினாவுக்கு விடைகாண உதவும் என்பது நமது துணிபு.

முதலில் அவர் பாடும் இசைவகையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 'கன்ட்றி' எனப்படும் இசை அமெரிக்கத் தென்மாநிலங்களின் நாட்டுப்புறத்திலே பிறந்தது. குடியானவரின் கதைப்பாடல்களும், தேவாலயப் பாடல்களும், கறுப்பின மக்களின் புளூஸ் இசையும் அதன் ஊற்றுக்கண்கள். ஆயின், டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரம் அவ்விசையின் வணிகத் தலைநகரான பின்னர், ஏழைகளின் இசை ஏழைகளுக்கே விற்கப்படும் பண்டமாயிற்று. வாழ்க்கைத் துன்பம் பெரும்பாலும் காதல் தோல்வியாகச் சுருங்கிற்று. வறுமை இனிய பழைய நினைவாக மெருகூட்டப்பட்டது. இதனை ஏற்காத இளைஞரின் முயற்சி 1990களில் 'மாற்றுக் கன்ட்றி' என்ற பெயரைப் பெற்றது. அங்கிள் ருப்பெலோ என்னும் குழு 1990இல் வெளியிட்ட இசைத்தட்டின் பெயர் 'நோ டிப்ரெஷன்'. 1995இல் தொடங்கிய இவ்வியக்கத்தின் சஞ்சிகையும் அப்பெயரையே சூடிக்கொண்டது. அது காட்டர் குடும்பத்தினர் 1936இல், பொருளாதார மந்தத்தின் கொடுமைக்கிடையே பதிவுசெய்த பாடலிலிருந்து எடுக்கப்பட்ட பெயர் என்பது மனங்கொளத்தக்கது. புதுமை வேண்டியோர் பின்னோக்கிச் சென்று, வணிகம் மறைத்த வேரைத் தேடினர்.

ஏர்ள் இவ்வியக்கத்துக்கு மூத்தவர். 1955இல் வேர்ஜீனியாவிற் பிறந்து, டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்ரோனியோ நகரை அடுத்து வளர்ந்தவர். பள்ளிப்படிப்பை முடிக்காது வெளியேறி, ரவுண்ஸ் வான் சான்ட், கை கிளார்க் ஆகிய பாடலாசிரியர்களைக் குருவாகக் கொண்டு, 1974இல் நாஷ்வில் சேர்ந்தார். 1986இல் வெளிவந்த 'கிற்றார் ரவுண்' அவரைக் கன்ட்றி இசைத்தட்டுகளின் முதலிடத்துக்கு உயர்த்தியது. பின்னர் ஹெரோயின் அவரை விழுங்கிற்று. 1990க்கும் 1995க்கும் இடையில் புதிய பாடல்களைக் கொண்ட இசைத்தட்டு எதுவும் வரவில்லை. 1994இல் அவர் சிறை சென்றார். வீழ்ச்சியைக் கலைஞனின் அணிகலனாகக் கருதும் ரசிகர் மரபு நமக்கு உடன்பாடன்று. போதை அவருக்குப் பாட்டைக் கொடுக்கவில்லை, ஆண்டுகளைப் பறித்தது. மீண்டெழுந்த பின்னர் அவர் ஆற்றிய பணியே நமது கவனத்துக்குரியது.

அவருடைய நடையின் உயிர்நிலை எங்குள்ளது? குரல் கரகரப்பானது, மூக்கொலி கலந்தது. மெட்டுகள் எளியன. அவருடைய தனித்தன்மை பாடலுக்குள் பேசும் 'நான்' யார் என்பதிலேயே தங்கியிருக்கிறது. நமது அகப்பாடல்களைக் கற்றோர் 'கூற்று' என்னும் இலக்கணத்தை அறிவர். அங்கே புலவன் தன் பெயரால் பேசுவதில்லை; தலைவியாகவோ தோழியாகவோ செவிலியாகவோ நின்று பேசுகிறான். ஏர்ளின் சிறந்த பாடல்களும் இவ்வாறு கூற்றுகளே. ஆனால் அவருடைய மாந்தர் சமூகம் பேச இடங்கொடாத மனிதர்.

1988இல் வெளிவந்த 'கொப்பர்ஹெட் றோட்' இதற்குத் தக்க சான்று. டென்னசி மலைப்பகுதிக் குடும்பமொன்றின் மூன்று தலைமுறைகள் அதில் வருகின்றன. பாட்டன் கள்ளச் சாராயம் காய்ச்சினான். தந்தை அதனைக் காரிற் கடத்தி விபத்தில் இறந்தான். பேரன் வியட்நாம் போரிலிருந்து திரும்பிக் கஞ்சா பயிரிடுகிறான். பாடல் அவனுக்கு நீதி உபதேசம் செய்யவில்லை. வறியவனைப் போருக்கு அனுப்பும் அரசும், பின்னர் அவனை வேட்டையாடும் அரசும் ஒன்றே என்பது அவன் தன் கதையைச் சொல்லும் போக்கிலேயே புலனாகிறது. மென்மையாகத் தொடங்கும் மண்டலின் ஒலி, முரசும் மின்கிற்றாரும் சேர்ந்து போரொலியாய்ப் பெருகும்போது, இசையும் அக்கதையையே சொல்கிறது.

மரணதண்டனையைப் பற்றிய பாடல்கள் இன்னும் ஆழமானவை. 'பில்லி ஒஸ்ரின்' (1990) கொலைசெய்து தண்டனைக்குக் காத்திருப்பவனின் கூற்று. 'டெட் மான் வோக்கிங்' என்னும் 1995ஆம் ஆண்டுத் திரைப்படத்தையொட்டி எழுதிய 'எலிஸ் யூனிற் வன்' சிறைக்காவலனின் கூற்று. இராணுவத்திலிருந்து திரும்பி, வேறு வழியின்றித் தந்தையின் தொழிலையே ஏற்ற அக்காவலன், ஈற்றில் தன் நெஞ்சின்மீதே வார்கள் இறுகுவதாகக் கனவு காண்கிறான். கொல்லப்படுபவனை மாத்திரமன்றி, அரசின் பெயரால் கொல்லப் பணிக்கப்பட்ட தொழிலாளியையும் அத்தண்டனை சிதைக்கிறது என்ற உண்மையை எத்தனை கட்டுரைகள் இவ்வளவு கூர்மையாகச் சொல்லியுள்ளன? 1998 ஒக்டோபரில், இரு பெண்களைக் கொன்ற குற்றத்துக்காக டெக்சாஸில் ஜொனதன் நோபிள்ஸ் கொல்லப்பட்டபோது, அவருடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்த ஏர்ள் நேரிற் சாட்சியாக இருந்தார். அதன்பின் எழுதிய 'ஓவர் யொண்டர்' (2000) என்ற பாடலில் கோபாவேசம் இல்லை. பயணம் புறப்படுபவனின் அமைதியே உண்டு. குற்றத்தை மறைக்காமல், குற்றவாளியை மனிதனாகக் காட்டுவது எளிதன்று.

இம்முறை கலைஞனுக்கு எத்தகைய விலையைக் கேட்கும் என்பதை 2002ஆம் ஆண்டு காட்டிற்று. ஆப்கானிஸ்தானில் தலிபான்களுடன் பிடிபட்ட இருபது வயது அமெரிக்க இளைஞன் ஜோன் வோக்கர் லிண்ட். நாடே அவனைத் துரோகி என்று தூற்றியபோது, 'ஜோன் வோக்கர்ஸ் புளூஸ்' என்ற பாடலில் ஏர்ள் அவனாக நின்று பேசினார். இசைத்தட்டு கடைக்கு வருமுன்னரே வானொலியாளரும் பத்திரிகைகளும் அவரைத் தாக்கினர். அவ்விளைஞனின் கொள்கையை ஏர்ள் ஏற்றாரல்லர். தம் மகனும் அவ்வயதினனே என்ற தந்தையின் உணர்வு பாடலுக்குத் தூண்டுதலாயிற்று. விளங்கிக்கொள்ள முயல்வதையே குற்றமெனக் கருதும் காலத்தில், விளங்கவைக்கும் கலை அரசியற் செயலாகிவிடுகிறது.

ஆயின் ஏர்ள் எப்பொழுதும் இந்நெறியில் நின்றாரல்லர். ஜனாதிபதித் தேர்தலை முன்னிட்டு 2004இல் விரைந்து வெளியிட்ட 'த றெவலூஷன் ஸ்ராட்ஸ் நவ்' என்ற இசைத்தட்டு கிறமி விருது பெற்றது. அதன் தலைப்புப் பாடலோ வெறும் அழைப்பு. பேசுவோன் யார், எவ்வயலில் நிற்கிறான், அவன் இழந்தது என்ன என்பன அதில் இல்லை. அதே இசைத்தட்டிலுள்ள 'றிச் மான்ஸ் வோர்' அமெரிக்கச் சிப்பாயையும் காஸா இளைஞனையும் அருகருகே நிறுத்தி, இருவரும் செல்வர் போரின் பலிகள் என்று காட்டுகிறது. ஒரே ஆசிரியர், ஒரே கொள்கை, ஒரே காலம். எனினும் ஒன்று கோஷம், மற்றையது கலை. வேறுபாடு கொள்கையில் இல்லை. மனிதனைக் கண்டதிலும் காணாததிலும் இருக்கிறது.

இத்தெளிவின் முதிர்ச்சியை 2020இல் வெளிவந்த 'கோஸ்ற்ஸ் ஒவ் வெஸ்ற் வேர்ஜீனியா'வில் காணலாம். 2010 ஏப்ரல் 5ஆம் நாள் மேற்கு வேர்ஜீனியாவின் அப்பர் பிக் பிராஞ்ச் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 29 தொழிலாளர் மாண்டனர். தொழிற்சங்கம் இல்லாத சுரங்கம் அது. கம்பனியின் தலைவர் பாதுகாப்பு விதிகளை மீறச் சதிசெய்தார் என 2015இல் தீர்ப்பாகியும் அவர் பெற்றது ஓராண்டுச் சிறையே. இவ்விபத்தைப் பற்றிய 'கோல் கன்ட்றி' என்ற நாடகத்துக்கு எழுதிய பாடல்கள் இவ்விசைத்தட்டில் இடம்பெற்றன. தம்மைப் போல் வாக்களியாத மக்களுடனும் பேசவேண்டும் என்பது ஏர்ளின் வெளிப்படையான நோக்கமாயிருந்தது. ஆகவே அவர்களுடைய தேர்தல் முடிவைக் கண்டித்து அவர் பாடவில்லை. சங்கத்தின் நினைவையும் இறந்தவர் பெயர்களையும் பாடினார். 29 பெயர்களையும் ஒன்றன்பின் ஒன்றாக உச்சரிக்கும் பாடலில் அலங்காரம் எதுவுமில்லை. பெயர்களே ஒப்பாரியாகவும் குற்றப்பத்திரமாகவும் நிற்கின்றன. கணவனை இழந்த பெண்ணின் கூற்றைத் தாமே பாடாது, குழுவின் வயலின் கலைஞர் எலனோர் விற்மோரிடம் ஒப்படைத்தார். அவருடைய பாடல்களில் பேசுவோர் பெரும்பாலும் ஆண்களே என்ற குறையை நாம் மறுப்பதற்கில்லை. இவ்வொப்படைப்பு அக்குறைக்கு ஓரளவேனும் விடையாகும்.

கூற்றுமுறைக்கும் ஆபத்து உண்டு. 'கொப்பர்ஹெட் றோட்' மதுச்சாலைகளில் வரிசை நடனத்துக்குரிய பாட்டாகி, 2023இல் டென்னசியின் அதிகாரபூர்வ மாநிலப் பாடல்களுள் ஒன்றாகவும் ஆயிற்று. அரசு தன்னைக் குற்றஞ்சாட்டும் பாடலுக்கே மாலை சூட்டிற்று! கோஷத்தை அவ்வாறு எளிதில் விழுங்கமுடியாது என்று சிலர் கூறக்கூடும். உண்மையே. ஆனால் கோஷம் முன்னரே உடன்பட்டோரை மாத்திரம் சென்றடைகிறது. கூற்றோ எதிரணியிலிருப்பவன் வீட்டுக்குள்ளும் நுழைகிறது. ஆடுபவர்களுள் ஒருவன் ஒரு நாள் சொற்களைக் கேட்கக்கூடும்.

சமுதாய நோக்குடைய எழுத்தாளர் ஏர்ளிடமிருந்து பெறவேண்டிய பாடம் இதுவே. யார் பக்கம் நிற்பது என்பதைக் கொள்கை தீர்மானிக்கட்டும். ஆனால் பேசுவதற்கு முன் அம்மனிதன் எப்படிப் பேசுவான், எதற்கு அஞ்சுவான், எதனை நம்புவான் என்பதைக் கேட்டறிதல் வேண்டும். அவன் நமக்கு மாறாக வாக்களிப்பவனாயினும் கேட்டறிதல் வேண்டும். மக்களை நேசிப்பதாகக் கூறுவோர் பலர். அவர்கள் பேசி முடிக்கும்வரை பொறுத்திருப்போர் சிலரே.