சகலை வீட்டு விருந்தாளி: இப்னு பதூதா பார்த்த மதுரை

மதுரை சுல்தான்களைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் இரண்டு நிமிஷத்தில் இப்னு பதூதா வந்துவிடுவார். அவர் எழுதிய கொடூரங்களில் ஒரு பத்தியை ஒருத்தர் எடுத்துப் போடுவார். இன்னொருத்தர் அதையெல்லாம் பயணி கட்டிய கதை என்று தள்ளிவிடுவார். நான் மதுரைக்காரன். இந்தச் சண்டையைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அந்தப் பகுதியை ஆங்கில மொழிபெயர்ப்பில் முழுசாகப் படித்தேன்.

முதல் கேள்வி: இவர் அங்கே யாராக வந்து சேர்ந்தார்? 1325-இல் மொராக்கோவின் தாஞ்சியரிலிருந்து கிளம்பியவர், டெல்லியில் முகமது பின் துக்ளக்கிடமும் பிறகு மாலத்தீவிலும் காஜியாக இருந்தார். இலங்கையிலிருந்து வரும்போது கப்பல் சேதமாகி நம் கிழக்குக் கரையில் ஒதுங்கியது 1344 வாக்கில். அப்போது மதுரை சுல்தான் கியாசுதீன் தம்கானி. மதுரையில் தனியரசு தொடங்கிய ஜலாலுதீன் அஹ்சன் ஷாவின் ஒரு மகள் இந்த சுல்தானின் மனைவி. இன்னொரு மகளை இப்னு பதூதா டெல்லியில் கல்யாணம் செய்திருந்தார். நம்மூர் வழக்கில் சொன்னால், சகலை.

அந்தச் சகலை பிடிபட்ட சனங்களை, பெண்கள் குழந்தைகள் உட்பட, கொன்றதைத் தன் கண்ணால் பார்த்ததாக எழுதுகிறார். இப்படிச் செய்த வேறு அரசரைத் தெரியாது, அதனால்தான் இறைவன் அவருக்குச் சீக்கிரம் முடிவு கட்டினான் என்றும் சொல்கிறார். போரில் தோற்ற ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளனின் தோலில் வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டதையும் பார்த்திருக்கிறார். சொந்தக்காரரைப் பற்றி, சொந்த மதத்துக்காரரைப் பற்றி இப்படிப் பொய் சொல்லி அவருக்கு ஒரு லாபமும் இல்லை. அதனால் கட்டுக்கதை என்ற வாதம் எனக்குச் செல்லாது.

ஆனால் அவரை நியாயவான் என்று தூக்கி வைக்கவும் முடியவில்லை. புத்தகம் முடிந்தது 1355-இல், மொராக்கோவில். அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸை எழுதினார். சுல்தான் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது, கண்டிப்பதில் ஆபத்தில்லை. அதைவிட முக்கியம், அதே சுல்தானை மாலத்தீவின்மேல் கப்பற்படை அனுப்பச் சொல்லித் தூண்டியவரும் இவர்தான். அங்கே காஜியாக இருந்தபோது பெண்களை மேலுடை போடவைக்க முயன்று தோற்றவர். வஜீரோடு மனஸ்தாபமாகிக் கிளம்பியவர். மதுரையில் கொள்ளைநோய் பரவியபோது ஓர் அடிமைப் பெண்ணை விலைக்கு வாங்குகிறார். நல்ல ஆரோக்கியம் என்று சொல்லித்தான் விற்றார்கள், மறுநாளே இறந்துவிட்டாள். அவள் பெயர் இல்லை. ஆளை விலைக்கு வாங்குவது அவருக்கு உறுத்தவே இல்லை.

மதுரை அகலமான தெருக்களுள்ள பெரிய ஊர், டெல்லியைப் போல ஆக்கினார்கள் என்கிறார். அவ்வளவுதான். அந்தத் தெருவில் நடந்தவர்கள் என்ன பேசினார்கள், என்ன விற்றார்கள் என்று தேடினால் கிடைக்காது. அரண்மனை வாசல் வழியாக ஊருக்குள் வந்தவருக்கு அரண்மனைதான் ஊர்.

இருந்தும் இரண்டு இடங்கள் என்னை விடவில்லை. ஒரு தாய் எட்டு வயது மகனோடு வந்து உதவி கேட்கிறாள். இரண்டு பேரும் நல்லாத்தான் இருக்கிறார்கள். மறுநாள் அவளே வந்து பையனுக்குக் கஃபன் துணி கேட்கிறாள். இன்னொன்று, இவருக்கே கடும் காய்ச்சல் வருகிறது. செத்துவிடுவோம் என்று நினைத்தவர், அந்த ஊரில் தாராளமாகக் கிடைத்த புளியைக் கரைத்துக் குடிக்கிறார். மூன்று நாள் வயிறு போகிறது, பிழைத்துக்கொள்கிறார். அதற்குமேல் அந்த ஊரே பிடிக்காமல் கிளம்பிவிடுகிறார்.

தீர்ப்புச் சொல்லும் இப்னு பதூதாவைவிட, கஃபன் துணியையும் புளித்தண்ணியையும் ஞாபகம் வைத்திருந்தவர்தான் எனக்கு உபயோகமான சாட்சி. அந்த இரண்டு இடத்திலும் அவர் சகலையுமில்லை, காஜியுமில்லை. நோய் வந்த ஊரில் மாட்டிக்கொண்ட ஒரு ஆள்.

இனி யாராவது அவருடைய ஒரு பத்தியை எடுத்து நீட்டினால், நான் கேட்கப்போவது ஒன்றுதான்: அந்த அடிமைப் பெண் வரும் பத்தியையும் படித்தீர்களா?