அந்த 44 ரன்

"98-ல நிக்கான். காலையிலிருந்து எவ்வளவு பொறுமையா ஆடுன பய! இப்போ போய் தூக்கி அடிக்க என்னடே அவசரம்?"

2025 பிப்ரவரி 28, மாலை. ஆற்றுகால் பொங்கலைக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் சாலைக் கடைத்தெரு வாயிலில் மண்கலங்கள் வந்து இறங்கத் தொடங்கியிருந்தன. மளிகைக் கடைப் படியில் நின்று ஒரே செல்போனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எங்களிடம்தான் அண்ணாச்சி அப்படிக் கேட்டார். நாகர்கோவில் பஸ்ஸுக்குப் போக வேண்டிய ஒருவர் பையைக் கீழே வைத்துவிட்டு, "கப்பே போயி அண்ணாச்சி" என்றார். நாக்பூரில் ரஞ்சிக் கோப்பை இறுதி ஆட்டத்தின் மூன்றாம் நாள். கேரள கேப்டன் சச்சின் பேபி ஸ்லாக் ஸ்வீப் அடித்து, டீப் மிட்விக்கெட்டில் கருண் நாயரிடம் பிடிகொடுத்திருந்தார்.

அன்று இரவே ஊர் தீர்ப்பெழுதிவிட்டது. தோல்விக்குக் காரணம் அந்த ஒரு ஷாட். சாலைக் கடைத்தெருவில் தமிழிலும் மலையாளத்திலும் அதையேதான் சொன்னார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை. சச்சின் பேபியின் மேல் உள்ள பிரியத்தால் சொல்லவில்லை. நல்ல அணி ஒன்று நாக்-அவுட்டில் தோற்கும்போது யாரைக் குறை சொல்வது என்பது ஆட்டத்தை எவ்வளவு தூரம் பார்த்தோம் என்பதைப் பொறுத்த விஷயம். கடைசி அரைமணியை மட்டும் பார்த்தவருக்கு ஒரு ஆள் கிடைப்பார். ஐந்து நாளையும் பார்த்தவருக்கு அவ்வளவு எளிதில் கிடைக்கமாட்டார்.

முதலில் அந்த இன்னிங்ஸைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. விதர்பாவின் 379-க்குப் பதிலாகக் கேரளம் 14 ரன்னுக்கு 2 விக்கெட் இழந்து தொடங்கியது. ஆதித்ய சர்வதேயும் இளைஞர் அகமது இம்ரானும் 93 ரன் சேர்த்துக் கரையேற்றினார்கள். சச்சின் பேபி வந்தபோது ஸ்கோர் 107க்கு 3. இரண்டாம் நாள் முடிவில் அவர் 7 ரன். மறுநாள் சர்வதே 79 ரன்னில் போனார், சல்மான் நிசார் 21-இல் போனார், அசாருதீன் 34-இல் போனார். எதிர்முனை ஒவ்வொன்றாகச் சரிய, இவர் மட்டும் நின்றார். 63, 49, 59, 46 என ஒவ்வொருவரோடும் ஒரு சிறிய கூட்டு. எதுவும் நூறு ரன் கூட்டு இல்லை, ஆனால் எல்லாம் சேர்ந்துதான் 107-ஐ 324 ஆக்கின. 235 பந்துகள் ஆடியவர் அவர். அந்த சீசனில் சாதனை அளவாக 69 விக்கெட் எடுத்த ஹர்ஷ் துபே இருக்கும் அணிக்கு எதிராக, அவருடைய சொந்த மைதானத்தில், இறுதி ஆட்டத்தின் அழுத்தத்தில் ஆடிய 98. கேரள கிரிக்கெட்டில் இதைவிடப் பெரிய ஸ்கோர்கள் உண்டு. இவ்வளவு கனமான இன்னிங்ஸ் எனக்குத் தெரிந்து அதிகமில்லை.

இனி அந்த ஷாட். பந்து வீசியவர் பார்த் ரேகாடே, இடக்கை ஸ்பின்னர். ஆடியவர் இடக்கை ஆட்டக்காரர். ஆக, பந்து உள்ளே திரும்பி வரும். திரும்பி வரும் பந்தை அது போகும் திசையிலேயே, மிட்விக்கெட் பக்கம் ஸ்வீப் செய்வது சுழலோடு சேர்ந்து ஆடும் ஆட்டம். சுழலுக்கு எதிராக மட்டையைத் திருப்பியிருந்தால் அதை அசட்டுத் துணிச்சல் என்று நானும் சொல்லியிருப்பேன். இங்கே தேர்வு சரி. உயரமும் தூரமும்தான் போதவில்லை. இவ்வளவு நேரம் ஆடி உடம்பு களைத்த பிறகு அந்தக் கடைசிச் சில அடி தூரம் போதாமல் போவது நடக்கக்கூடியதுதான். முன்னிலைக்கு இன்னும் 56 ரன் வேண்டும், பின்னால் வருபவர்களை எவ்வளவு நம்பலாம் என்பதும் கேப்டனுக்குத் தெரியும். நிற்பதா அடிப்பதா என்ற கணக்கில் அவர் எடுத்த முடிவைத் தவறென்று சொல்லலாம். பொறுப்பின்மை என்று சொல்வதுதான் அநியாயம்.

கோட்டைப் பகுதியில் வளர்ந்தவர்களுக்குக் கதகளி பார்க்கும் பழக்கம் கொஞ்சமாவது இருக்கும். டி. அப்புக்குட்டன் நாயர் 1970-இல் தொடங்கிய மார்கி இங்கேதான் இருக்கிறது. அரங்கில் நடிகரின் முத்திரை தாளத்துக்குப் பிந்தினால் புதிதாகப் பார்ப்பவரின் கண் நடிகர் மேலேயே நிற்கும். பழகிய ரசிகரின் காது பின்னால் சேங்கிலையோடு நிற்கும் பொன்னானிப் பாகவதரிடம் போகும். காலத்தை நிர்ணயிப்பவர் அவர். அவர் முன்பே காலத்தை இழுத்திருந்தால் பிசகு தெரிவது நடிகரின் கையில், பிறந்தது வேறிடத்தில். கிரிக்கெட்டிலும் பிசகு தெரிந்த இடத்தையும் அது பிறந்த இடத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிறந்த இடம் முதல் நாள்தான் என்பது என் எண்ணம். டாஸ் வென்று கேரளம் பந்துவீசியது. ஆட்டத்தின் இரண்டாம் பந்திலேயே எம்.டி. நிதீஷ் விக்கெட் எடுத்தார். விதர்பா 24 ரன்னுக்கு 3. அதற்குப் பிறகு அடுத்த விக்கெட் விழுந்தபோது ஸ்கோர் 239. டானிஷ் மாலேவரும் கருண் நாயரும் சேர்த்தது 215 ரன். அதிலும் அந்த விக்கெட்டை எந்தப் பந்துவீச்சாளரும் எடுக்கவில்லை. ஓட்டத்தில் ஏற்பட்ட குழப்பத்தில், ரோகன் குன்னும்மல் எறிந்த பந்து ஸ்டம்பைத் தாக்கி, 86 ரன்னில் கருண் நாயர் ரன் அவுட். நிதீஷும் ஏடன் ஆப்பிள் டாமும் கடுமையாக உழைத்தார்கள். கேரளத்தின் பலமான சுழலுக்கு அன்று ஆடுகளம் ஒத்துழைக்கவில்லை. ஜலஜ் சக்சேனாவும் சர்வதேயும் சீசன் முழுக்க அணியைச் சுமந்தவர்கள். ஜலஜ் அந்த சீசனில்தான் தும்பாவில் உத்தரப் பிரதேசத்துக்கு எதிராக 400 விக்கெட்டைத் தொட்டு, ரஞ்சியில் 6000 ரன்னும் 400 விக்கெட்டும் சேர்த்த முதல் ஆட்டக்காரர் ஆனார். தும்பா செயின்ட் சேவியர்ஸ் மைதானத்தில் வேலை செய்த சூத்திரம் நாக்பூரில் முதல் நாள் பிற்பகலில் வேலை செய்யவில்லை. மாற்று வழி கையில் இருக்கவில்லை.

அதைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. மறுநாள் விதர்பா 335 ரன்னில் ஒன்பதாவது விக்கெட்டை இழந்தது. வந்தவர் பதினொன்றாவது ஆட்டக்காரர் நசிகேத் பூதே. அவர் 32 ரன் அடித்தார். துபேயோடு சேர்ந்து கடைசி விக்கெட்டுக்கு 44 ரன். கேரளம் முதல் இன்னிங்ஸில் பின்தங்கியது 37 ரன். ரஞ்சி நாக்-அவுட்டில் ஆட்டம் டிரா ஆனால் முதல் இன்னிங்ஸ் முன்னிலைதான் தீர்ப்பு. கோப்பை அந்த 37 ரன்னில் போனது. அந்த 44 ரன்னை விட்டுக்கொடுத்த நேரத்தை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அதில் மறுபடி மறுபடி போட்டுக் காட்ட ஒரு காட்சி இல்லை. கொஞ்சம் தளர்ந்த ஃபீல்டிங், அகலப் போன சில பந்துகள், பதினொன்றாவது ஆள்தானே என்ற நினைப்பு. இப்படிச் சிந்துவதைக் குற்றமாக எண்ண நமக்குப் பழக்கமில்லை.

ஆடாமல் விட்டதையும் நாம் குற்றமாகக் கருதுவதில்லை. சல்மான் நிசார் மதிய உணவு இடைவேளை நெருங்கும்போது துபேயின் பந்தை மட்டை நீட்டாமல் காலால் விட்டு எல்.பி.டபிள்யூ ஆனார். அதுவும் ஒரு முடிவுதான், ஸ்லாக் ஸ்வீப்பைப் போலவே விலை கொடுத்த முடிவு. ஆனால் மட்டை அசையவில்லை, அதனால் அதைப் பொறுமையின் கணக்கில் எழுதி மறந்துவிட்டோம். அதேபோல, இறுதி ஆட்டத்துக்கு ஒரு பேட்டரை நிறுத்திவிட்டு ஏடன் ஆப்பிள் டாமை எடுத்த முடிவு. அவர் மூன்று விக்கெட் எடுத்தார், அந்த வகையில் முடிவு பலித்தது. ஆனால் 324-இல் கேப்டன் அவுட்டான பிறகு ஜலஜைத் தவிரத் துணை இல்லாமல், மீதி மூன்று விக்கெட்டில் 18 ரன்தான் வந்தது என்பதும் அதே முடிவின் மறுபக்கம்.

குறை சொல்லும் வேகத்தில் எதிரணி காணாமல் போய்விடுவதுதான் இதில் பெரிய இழப்பு. மாலேவரின் 153 அபாரமான ஆட்டம். ரேகாடேயையும் தர்ஷன் நல்கண்டேயையும் விதர்பா மேல்வரிசையில் இறக்கிப் பார்த்தது. ஒருவர் 0, மற்றவர் 1. மட்டையில் தோற்ற அந்த இருவரும்தான் பந்தை வாங்கி ஆளுக்கு மூன்று விக்கெட் எடுத்துக் கேரளத்தை மடக்கினார்கள். இரண்டாம் இன்னிங்ஸில் விதர்பா 7 ரன்னுக்கு 2 என்று தடுமாறியபோது மறுபடி மாலேவரும் கருண் நாயரும் நின்றார்கள். கருண் 31-இல் ஸ்லிப்பில் ஒரு கேட்ச் தப்பி, 135 வரை போனார். 2016-இல் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக 303 அடித்துவிட்டு அதன்பின் ஆண்டுக்கணக்கில் இந்திய அணிக்கு வெளியே இருந்தவர் அவர். அவருடைய கையில் போய் விழுந்த பந்தைப் பற்றி அழுகிறோம், அவர் ஆடிய ஆட்டத்தைப் பாராட்ட நேரம் ஒதுக்கவில்லை.

கேரளம் இறுதிக்கு வந்த வழியையும் பார்க்க வேண்டும். புனேயில் ஜம்மு காஷ்மீருக்கு எதிரான காலிறுதி. எதிரணி 280. கேரளம் 200-இல் ஒன்பது விக்கெட் இழந்தது. சல்மான் நிசாரும் பாசில் தம்பியும் கடைசி விக்கெட்டுக்கு 81 ரன் சேர்த்து 281 ஆக்கினார்கள். முன்னிலை ஒரே ரன். அகமதாபாதில் குஜராத்துக்கு எதிரான அரையிறுதி. அசாருதீனின் 177-ஓடு கேரளம் 457. குஜராத் கடைசி ஜோடி 455-இல் நிற்கிறது. நக்வாஸ்வாலா ஓங்கி அடித்த பந்து ஷார்ட் லெக்கில் இருந்த சல்மானின் ஹெல்மெட்டில் பட்டு எகிறி, ஸ்லிப்பில் சச்சின் பேபியின் கையில் விழுந்தது. 2017-க்கு முந்தைய விதியில் அது அவுட்டே கிடையாது. முன்னிலை இரண்டு ரன். கேரளத்தைத் தூக்கிவிட்டதும் கடைசி விக்கெட், கீழே இறக்கியதும் கடைசி விக்கெட். அந்தக் கேட்சைப் பிடித்த கையையே பதினைந்து நாளுக்குள் குற்றவாளியின் கை என்றார்கள்.

1951-52-இல் திருவிதாங்கூர்-கொச்சியாக ரஞ்சியில் நுழைந்து, 1957-58 முதல் கேரளம் என்ற பெயரில் ஆடிவரும் அணி முதன்முறையாக இறுதிக்கு வந்தது. 344 முதல்தர விக்கெட் எடுத்தும் இந்தியாவுக்கு ஆடாமலே போன லெக் ஸ்பின்னர் கே.என். அனந்தபத்மநாபன் திருவனந்தபுரத்துக்காரர்தான். அவர் பந்துவீசிய காலத்தில் ரஞ்சி இறுதி என்பது இங்கே யாரும் கனவிலும் பேசாத விஷயம். அவ்வளவு நீண்ட காத்திருப்பு, அதனால்தான் ஏமாற்றத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது என்று நினைக்கிறேன்.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. 1995 என்.பி.ஏ. கூடைப்பந்து இறுதியின் முதல் ஆட்டத்தில் ஷகீல் ஓ'நீல், பென்னி ஹார்டவே ஆடிய ஆர்லாண்டோ அணி, பத்துச் சொச்ச விநாடிகள் மிச்சமிருக்க மூன்று புள்ளி முன்னிலையில் இருந்தது. நிக் ஆண்டர்சன் தொடர்ந்து நான்கு ஃப்ரீ த்ரோக்களைத் தவறவிட்டார். ஹூஸ்டன் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் வென்றது. ஆர்லாண்டோ முதல் பாதியில் 20 புள்ளி முன்னிலையை வைத்திருந்து இழந்ததையும், அடுத்த மூன்று ஆட்டங்களையும் தோற்றதையும் யார் பேசுகிறார்கள்? நினைவில் நிற்பது அந்த நான்கு எறிகள்தான். 1986 ஷார்ஜாவில் மியான்தாத் கடைசிப் பந்தில் அடித்த சிக்ஸரை சேத்தன் சர்மா ஆண்டுக்கணக்கில் சுமந்தார். அதே ஆண்டு பர்மிங்காம் டெஸ்டில் அவர் எடுத்த 10 விக்கெட்டும், 1987-இல் இதே நாக்பூரில் எடுத்த உலகக் கோப்பை ஹாட்ரிக்கும் அந்தச் சிக்ஸரின் நிழலிலேயே கிடக்கின்றன.

ஆட்டம் முடிந்ததும் சச்சின் பேபி அந்த ஷாட்டுக்கான பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டார். கேப்டன் அப்படிச் சொல்வது அழகு. அவர் சொல்லிவிட்டார் என்பதற்காக நாமும் அதையே திருப்பிச் சொல்வது ரசனை ஆகாது. என்னிடம் கேட்டால் 24-க்கு 3 என்ற நிலையிலிருந்து எதிரணியைத் தப்பவிட்ட பிற்பகலையும், கடைசி விக்கெட்டின் 44 ரன்னையும் சொல்வேன். அதற்கு ஒரு ஆளின் பெயர் கிடையாது. தொடக்கத்தில் உடைத்த பிறகு மீதியை முடித்துக்கட்டும் வேகப்பந்து வீச்சை வளர்க்காத ஒரு முழு அமைப்பின் குறை அது.

அடுத்த சீசனின் முதல் ஆட்டம் 2025 அக்டோபரில் கிழக்கேகோட்டையிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடக்கூடிய காரியவட்டம் கிரீன்ஃபீல்டு மைதானத்தில் நடந்தது. அந்த ஆட்டத்தில் கேரள கேப்டன் அசாருதீன். மகாராஷ்டிரம் 18 ரன்னுக்கு 5 விக்கெட். அங்கிருந்து ருதுராஜ் கெய்க்வாட் 91, கேரளத்தை விட்டு மகாராஷ்டிரத்துக்குப் போயிருந்த ஜலஜ் சக்சேனா 49. இருவரும் ஆறாவது விக்கெட்டுக்கு 122 ரன் சேர்க்க, எதிரணி 239 வரை போனது. கேரளம் 219. முதல் இன்னிங்ஸில் 20 ரன் பின்னடைவு, ஆட்டம் டிரா. அந்த முறை தூக்கி அடித்தவர் என்று சுட்ட யாரும் அகப்படவில்லை, சாலைக் கடைத்தெருவில் அதைப் பற்றி ஒரு வாக்குவாதம்கூட எழவில்லை.