கத்தரிப்பூவும் கறுப்பு முள்ளும்

கோடை வந்து சட்டைக் கைகள் குறுகியதும் ஐரோப்பிய நகரங்களில் ஒரே கோலத்தைத் திரும்பத் திரும்பக் காண்கிறோம். கூரிய முனைகளும் வளைவுகளும் கொண்ட தடித்த கறுப்புக் கோடுகள், புயத்தைச் சுற்றி முட்கம்பி போல ஓடுகின்றன. இதற்கு 'ட்ரைபல்' என்று பெயர், அதாவது பழங்குடிக் கோலம். எந்தப் பழங்குடி என்று கேட்டால் குத்திக்கொண்டவருக்கும் தெரியாது, குத்திவிட்டவருக்கும் பெரும்பாலும் தெரியாது. எமது இளைஞர்களின் கைகளிலும் இது ஏறிவிட்டது. ஆகவே வெறும் நாகரிகம் என்று ஒதுக்காமல், ஒரு கலைவடிவமாக எடுத்து இதனை விமர்சிக்க வேண்டியிருக்கிறது.

1769இல் கப்டன் குக்கின் கப்பல் தஹீத்தித் தீவுக்குப் போனது. அந்தப் பயணத்தின் வழியாகவே 'தத்தாவ்' என்ற பொலினீசியச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்து 'ரற்றூ' ஆயிற்று. ஆனால் இன்று கடைச் சுவரில் தொங்கும் கோலத்துக்கு வயது குறைவு. 1982இல் அமெரிக்கரான டொன் எட் ஹார்டி தொடங்கிய பச்சைகுத்தற் சஞ்சிகையின் முதல் இதழ் 'புதிய பழங்குடியம்' என்ற தலைப்போடு வந்தது. அதில் முன்னின்றவர் பிலிப்பைன்ஸ் வம்சாவளியினரான லியோ சுலுவேத்தா. போர்னியோவினதும் பசிபிக் தீவுகளினதும் பழைய கோலங்களைத் தேடிப் பயின்றவர் அவர். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு தேடலை விட்டுவிட்டார்கள். 1996இல் ஒரு ஹொலிவூட் படத்தில் ஜோர்ஜ் குளூனியின் கையிலிருந்து கழுத்துவரை இந்தக் கறுப்புத் தீ ஏறியபோது, அது உலகச் சந்தையின் சரக்காகிவிட்டிருந்தது.

இழந்தது என்ன என்பதற்குப் போர்னியோவின் இபான் மக்களைப் பார்க்கலாம். அவர்களுடைய இளைஞன் நீள்வீட்டை விட்டு அந்நிய இடங்களுக்குப் பிழைப்பும் அனுபவமும் தேடிப் புறப்படுவதற்கு 'பெஜாலை' என்று பெயர். அந்தப் பருவத்தில் அவனுடைய இரு தோள்களின் முன்புறத்திலும் 'புங்காய் தெருங்' குத்தப்படும். அதன் பொருள் கத்தரிப்பூ. பூவின் நடுவே உள்ள சுருள் உயிர்க்கயிற்றைக் குறிக்கும். போன இடங்களின் நினைவாக மேலும் கோலங்கள் உடலில் சேரும். சமோவாவில் ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால்வரை குத்தப்படும் 'பேஆ' இன்னொன்று. பல நாள் நோவைத் தாங்கி அதை முடித்தவன் தன் குடும்பத்துக்கும் ஊருக்கும் சேவை செய்யக் கடமைப்பட்டவன். இங்கெல்லாம் கோலம் ஓர் உடன்படிக்கை. ட்ரைபல் அந்த உடன்படிக்கையைக் கிழித்துவிட்டுக் கையெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டது.

எனினும் அதன் அழகை மறுப்பது நேர்மையாகாது. நிறமில்லை, நிழலில்லை, கதையில்லை. கறுப்பும் வெறுந்தோலும் மட்டுமே. நல்ல கை குத்தினால் கோடு தசையின் போக்கிலேயே போகும். கை அசைய அதுவும் அசையும். படத்தைத் தோலில் ஒட்டியதுபோல் இருந்த பழைய மாலுமிப் பச்சைகளுக்கு இந்தக் குணம் குறைவு. உடலையே வடிவத்தின் பாதியாகக் கொள்ளும் இந்த அறிவு தீவுவாசிகளிடமிருந்து வந்தது.

அந்த அறிவுக்கு மேற்குலகு கொடுத்த விலை என்ன? 19ஆம் நூற்றாண்டில் பச்சை குத்திய மாவோரித் தலைகளைத் துவக்குகளுக்குப் பண்டமாற்றாக வாங்கினார்கள். வணிகம் பெருகி 1831இல் சிட்னியில் ஆளுநர் தடைபோடவேண்டி வந்தது. பிரெஞ்சு நூதனசாலைகளிலிருந்த இருபது தலைகள், 2012 ஜனவரியில்தான் பரிஸில் நியூசிலாந்திடம் ஒப்படைக்கப்பட்டன. இதற்கு ஓராண்டு முன், 2011இல், குத்துச்சண்டை வீரர் மைக் ரைசனின் முகத்தில் மாவோரிச் சாயலில் பச்சை குத்திய அமெரிக்கர், அந்தக் கோலத்தைத் திரைப்படத்தில் பாவித்ததற்காகப் பதிப்புரிமை வழக்குப் போட்டார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. மாவோரி அறிஞர்கள் கேட்ட கேள்வி மட்டும் நிற்கிறது: எமது முன்னோரின் கோட்டுக்கு நீ எப்படி உரிமையாளன்?

இனி எம்மிடம் வருவோம். எமக்கு உடலின் அடையாளம் என்றால் வேறு ஞாபகம். சோதனைச்சாவடியில் சட்டையைக் கழற்றச் சொன்னது தழும்பு பார்க்க. முழங்கையில் தழும்பிருந்தால் பயிற்சி எடுத்தவன். பின்னர் அகதி விசாரணையில் அதே தழும்பை ஆதாரமாகக் காட்டச் சொன்னார்கள். அங்கே குற்றம், இங்கே சாட்சி. இரண்டு இடத்திலும் எமது தோலை வாசித்தவர்கள் பிறர்தான். ஆகையால் ஓர் இளைஞன் தானே தெரிந்தெடுத்த கோட்டைத் தன் தோலில் போடுவதை நாம் எளிதில் கேலி செய்ய முடியாது. உணவகக் குசினிகளில் எண்ணெய் சுட்ட வடுவை மறைக்கக் குத்தியவர்களும் உண்டு. ட்ரைபல் அவர்களை ஈர்ப்பதன் இரகசியம் இதுவென்று நினைக்கிறோம்: எந்த இனம் என்று சொல்லாமலேயே அது 'இனம்' என்கிறது. விசாரணைக்கு உட்படாத அடையாளம் அது.

ஆனால் விசாரிக்கப்படாத அடையாளத்துக்கு எவரும் பொறுப்பேற்பதுமில்லை. மாவோரிகள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். வம்சாவளியைச் சொல்லும் 'மோகோ' தமக்கு. அந்த உரிமை கோராத 'கிரிதுஹி' பிறருக்கு. கலை வெளியே போகலாம், ஆனால் பரம்பரையைத் திருடிக்கொண்டு போகக்கூடாது என்பதே அதன் பொருள்.

எமக்கும் ஒரு பச்சை இருந்தது. தமிழ்நாட்டுக் கிராமத்துக் கிழவிகளின் முன்னங்கைகளில் புள்ளியும் இழையுமாகக் கோலங்கள் உண்டு. அவற்றைப் பெரும்பாலும் ஊசியால் குத்தியவர்கள் குறவர் பெண்கள். முற்றத்தில் இருத்தி நெல்லோ காசோ கொடுத்து அனுப்பிய சமூகம், அவர்களைக் கலைஞர்கள் என்று ஒருநாளும் அழைக்கவில்லை. போர்னியோக் கோலத்தின் வேரைத் தேடச் சொல்லும் நாம், இந்த வேரையும் சாதியோடு சேர்த்தே தோண்ட வேண்டும். கத்தரிப்பூ புறப்படும்போது குத்தப்பட்டது. எமக்குப் புறப்படும்போது எவரும் எதுவும் குத்திவிடவில்லை. எமது பயணத்துக்கான கோலத்தை இனித்தான் எவராவது வரையவேண்டும். கடையின் மாதிரிப் புத்தகத்தில் அது இல்லை.