படிக்காமல் மறுத்ததும் படிக்காமல் ஏற்றதும்

நமது கூட்டங்களிலும் சஞ்சிகைகளிலும் "ஆய்வுகள் நிறுவியுள்ளன" என்ற வசனம் தாராளமாகப் புழங்குகிறது. எந்த ஆய்வு, எந்த ஆண்டு, எதைக்கொண்டு நிறுவியது என்று கேட்பவரைச் சந்தேகத்துடன் பார்க்கிறோம். பிறரைக் குற்றஞ்சாட்ட இதை எழுதவில்லை. என்னிலிருந்தே தொடங்குகிறேன்.

கா. இந்திரபாலா 1965இல் லண்டன் பல்கலைக்கழகத்திற்குச் சமர்ப்பித்த கலாநிதிப்பட்ட ஆய்வேடு, இலங்கையின் திராவிடக் குடியேற்றங்களையும் யாழ்ப்பாண அரசின் தொடக்கத்தையும் பற்றியது. தமிழரின் பரவலான நிரந்தரக் குடியேற்றங்கள் 10ஆம் நூற்றாண்டளவிலேயே தொடங்கின என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. சிங்களத் தேசியவாதிகள் அதை விரும்பி எடுத்துக்காட்டினர், நம்மவர் சினந்தனர். விரிவுரையாளனாக இருந்த காலத்தில் நானும் வகுப்பிலே அதைச் சாடியிருக்கிறேன். அந்த ஆய்வேட்டின் ஒரு பக்கத்தைக்கூட நான் அப்போது படித்திருக்கவில்லை. யாரோ எழுதிய மறுப்பைப் படித்திருந்தேன், அவ்வளவே. மாணவர் எவரும் என்னைக் கேட்கவுமில்லை.

2005இல் இந்திரபாலாவின் புதிய ஆங்கில நூல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு தமிழிலும் வந்தது. பழைய முடிவை அதில் அவர் மாற்றிக்கொண்டார். "பேராசிரியர் பிழையை ஒத்துக்கொண்டார்" என்று நம்மிடையே ஒரே மகிழ்ச்சி. ஆனால் அந்நூல் தமிழரின் தொன்மையை மட்டும் பேசவில்லை. சிங்களவரும் தமிழரும் பெருமளவுக்கு ஒரே பூர்வீக மக்களிலிருந்து, கலப்பினாலும் மொழிமாற்றத்தினாலும் இரு இனக்குழுக்களாக உருவாகினர் என்பது அதன் மைய வாதம். முதற்பாதியைக் கொண்டாடிய நாம் மறுபாதியைப் பற்றி வாய் திறப்பதில்லை. முன்பு படிக்காமல் மறுத்தோம். பின்பு படிக்காமல் ஏற்றோம்.

நியூ ஜேர்சியில் ஒரு தொழிற்சாலையில் உதிரிப்பாகங்களை அளந்து பார்ப்பது இப்போது என் வேலை. வேலை தொடங்குமுன் அளவுகருவி சரியா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். கருவி பிழையென்றால் அன்று நான் ஏற்றதும் பிழை, கழித்ததும் பிழை. வகுப்பறையில் இந்த ஒழுங்கு எனக்கு இருக்கவில்லை.

அந்த ஒழுங்குடன் 1965 ஆய்வேட்டை அணுகினால் கேள்வி வேறாகிறது. அன்று அவர் கையில் இருந்தவை இலக்கியங்களும் சாசனங்களும், மிகச் சொற்பமான தொல்லியற் சான்றுகளுமே. "சான்று கிடைக்கவில்லை" என்பதிலிருந்து "மக்கள் இருக்கவில்லை" என்பதற்கு எவ்வளவு தூரம் போகலாம்? நியாயமான விமர்சனம் இங்கேதான் தொடங்கியிருக்கவேண்டும். 1980இல் ஆனைக்கோட்டையில் பிராமி எழுத்துப் பொறித்த முத்திரையுடன் ஈமக்குழியைக் கண்டெடுத்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் இதே இந்திரபாலாதான். புதிய சான்று வந்தபோது முடிவை மாற்றியது பாவமன்னிப்பு அல்ல. ஆய்வு என்பதே அதுதான்.

இன்னொரு உதாரணம். சிங்கள அடையாளம் காலந்தோறும் பொருள் மாறி வந்ததென்று லெஸ்லி குணவர்த்தன 1979இல் எழுதிய கட்டுரையை நாம் மகிழ்ந்து எடுத்துக்காட்டுகிறோம். 1992இல் கே. என். ஓ. தர்மதாச அதற்கு எழுதிய மறுப்பையும், 1995இல் குணவர்த்தன அளித்த பதிலையும் நம்மில் எத்தனைபேர் படித்திருக்கிறோம்? சிங்கள அடையாளத்துக்கு வைக்கும் அதே அளவுகோலைத் தமிழ் அடையாளத்துக்கும் வைக்க நமக்குத் துணிவு உண்டா? இல்லையென்றால் நாம் குணவர்த்தனவைப் படிக்கவில்லை, பயன்படுத்துகிறோம். இந்திரபாலாவின் ஆய்வேட்டை அவர்கள் பயன்படுத்தியதும் இப்படித்தான்.

இந்தக் கதைகளை வைத்துத்தான் ஒரு மண்ணில் யார் பூர்வீகர், யார் வந்தேறி என்று தீர்ப்பெழுதினார்கள். அந்தத் தீர்ப்புகளுக்கு உயிரால் விலை கொடுத்தவர்களுள் நாமும் அடக்கம். ஆகவே இதைப் புலமையாளரின் பொழுதுபோக்கென்று ஒதுக்கமுடியாது.

என் பழைய மாணவர் எவராவது இதைப் படிக்க நேர்ந்தால்: அன்றைய என் விரிவுரைக் குறிப்பை ஒதுக்கிவையுங்கள். 1965 ஆய்வேட்டையும் 2005 நூலையும் அருகருகே வைத்துப் படியுங்கள். அதற்குப் பிறகும் மறுக்க இருந்தால், பக்க எண்ணுடன் எழுதுங்கள். என்னை மறுப்பதாக இருந்தாலும் சரி.