கரணம் தப்பினால்...

'நீ தலைகீழா நின்னாலும் கணக்குல பாஸ் பண்ண மாட்டே' என்று ஒன்பதாம் வகுப்பில் என் வாத்தியார் சொன்னதுண்டு. முடியாத காரியத்துக்குத் தமிழில் அதுதான் கடைசி எல்லை. கணக்கில் எப்படியோ பாஸ் பண்ணிவிட்டேன். தலைகீழாக நிற்பதுதான் பாக்கி இருந்தது. நாற்பத்தேழு வயதில் அதையும் பார்த்துவிடலாம் என்று புறப்பட்டேன். சிரசாசனம் இல்லை. தலை தரையில் படாமல், உள்ளங்கைகளை மட்டும் ஊன்றிக் கால்களை மேலே அனுப்பும் ஹேண்ட்ஸ்டாண்ட்.

ஏன் என்று கேட்காதீர்கள். அந்த வயதில் சிலர் வீணை கற்றுக்கொள்கிறார்கள். சிலர் கட்சியில் சேருகிறார்கள்.

படிக்கிற ஜாதிக்கு ஒரு வியாதி உண்டு. நீச்சல் கற்க வேண்டும் என்றாலும் முதலில் புத்தகக் கடைக்குத்தான் போவோம். நானும் அலமாரியைத் துழாவி பி.கே.எஸ். அய்யங்காரின் 'லைட் ஆன் யோகா'வை எடுத்தேன். 1966ல் வெளிவந்தது. வயலின் மேதை யெஹூதி மெனுஹின் முன்னுரை. இருநூறு ஆசனங்கள், ஏறக்குறைய அறுநூறு போட்டோக்கள், அத்தனையிலும் அய்யங்காரே. ஒவ்வொரு ஆசனமும் எத்தனை கஷ்டம் என்று ஒன்றிலிருந்து அறுபது வரை மார்க் வேறு. யோகா வகுப்புக்காரர்கள் இதை பைபிள் என்கிறார்கள். சொல்லலாம், தப்பில்லை.

ஹேண்ட்ஸ்டாண்டுக்கு அதில் பெயர் 'அதோ முக விருட்சாசனம்'. முகம் கீழே பார்க்கும் மரம். அழகான பெயர். செய்முறை கொஞ்சம்தான். அதன் சாரத்தை என் வார்த்தைகளில் தருகிறேன். சுவரிலிருந்து ஓரடி தள்ளி, தோள் அகலத்துக்குக் கைகளை ஊன்ற வேண்டும். மூச்சை வெளியே விட்டபடி கால்களை வீசிச் சுவரில் சாய்க்க வேண்டும். கைகளை ரொம்பத் தள்ளி வைத்தால் முதுகு அதிகமாக வளைந்து சிரமம் தரும், ஜாக்கிரதை. இப்படி நிற்கப் பழகியதும் கால்களைச் சுவரிலிருந்து எடுக்கலாம். பிறகு அறையின் நடுவில் செய்து பார்க்கலாம்.

அவ்வளவுதான். அந்தப் 'பிறகு' இருக்கிறதே, அதைக் கடக்க எனக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று.

இந்தப் பக்கத்தைக் குறை சொல்வதற்கு முன் அதன் நிறையைச் சொல்லிவிட வேண்டும். வீண் வார்த்தை கிடையாது. கை எங்கே, மூச்சு எப்போது என்பதில் குழப்பமே இல்லை. அந்த 'ஓரடி' விஷயம் தங்கம். சோம்பேறித்தனமாக இரண்டடி தள்ளிக் கையை ஊன்றிப் பார்த்தேன், இடுப்பு இரண்டு நாள் பேசியது. அய்யங்கார் அவசரக்காரரும் இல்லை. புத்தகத்தின் பின்னிணைப்பில் முந்நூறு வாரத்துக்குப் பாடத்திட்டம் போட்டிருக்கிறார். கிட்டத்தட்ட ஆறு வருஷம். 'முப்பது நாளில்' புத்தகங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது பெரிய மரியாதை.

ஆனால் சுவருக்கும் அறை நடுவுக்கும் இடையில் ஒரு ஆறு ஓடுகிறது. புத்தகத்தில் அதற்குப் பாலம் இல்லை.

என்ன ஆறு? கொஞ்சம் இயற்பியல் பார்க்கலாம், பயப்படாதீர்கள். இப்போது எழுந்து நின்று பாருங்கள். அசையாமல் நிற்பதாக நினைக்கிறீர்கள். உண்மையில் உங்கள் உடம்பு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கிறது. முன்னால் சாய்ந்தால் கால்விரல்கள் தரையை அழுத்துகின்றன, கணுக்கால் உடம்பைத் திருப்பி இழுக்கிறது. உங்களைக் கேட்காமலேயே நடக்கிற காரியம். கையில் நிற்கும்போது கணுக்காலின் வேலை மணிக்கட்டுக்கு வந்துவிடுகிறது, கால்விரல்களின் வேலை கைவிரல்களுக்கு. பாதத்தை விடச் சின்ன அஸ்திவாரம், கணுக்காலை விடப் பலவீனமான மூட்டு. அதுவும் இருபது வருஷமாகக் கீ-போர்டு தட்டின மணிக்கட்டு.

விழுவதற்கு முக்கியமாக இரண்டு திசை. ஒன்று, வந்த வழியே. கால்கள் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும். ஆபத்தில்லை. இன்னொன்று, மறுபக்கம். கால்கள் தலையைத் தாண்டிப் போய் முதுகு தரையைத் தேடும். இதை நினைத்தாலே வயிற்றில் புளி கரைக்கும்.

வந்த வழியே சாயத் தொடங்கிவிட்டால் கைகளால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. மறுபக்கம் சாயும்போதுதான் விரல்களால் தரையை அழுத்தி உடம்பைத் திருப்பிக் கொண்டுவர முடியும். ஆகவே நிலையாக நிற்கிறவர் எப்போதும் மறுபக்கத்தை நோக்கி ஒரு இழை சாய்ந்தே நிற்கிறார், விரல்களால் பிரேக் போட்டுக்கொண்டு. நம்மைப் போன்ற வயசான மாணவர்கள் புத்திசாலித்தனமாக ஆபத்தில்லாத பக்கமே உதைக்கிறோம். பாதி உயரம் போய் இறங்கிவிடுகிறோம். நூறு தடவை, இருநூறு தடவை. பலம் பத்தவில்லை என்று நினைத்து தண்டால் எடுக்கிறோம். பலத்துக்கும் இதற்கும் அவ்வளவாகச் சம்பந்தமில்லை. பயப்படும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டிருக்கிறது பாலன்ஸ். அங்கே போகாமல் அது கிடைக்காது.

அங்கே போக ஒன்று தெரிந்திருக்க வேண்டும். விழத் தெரிய வேண்டும். 'லைட் ஆன் யோகா'வின் அந்தப் பக்கத்தில் இல்லாதது இதுதான்.

எனக்கு இதைச் சொன்னது புத்தகம் இல்லை. அண்ணன் மகள், பத்து வயது. பள்ளியில் ஜிம்னாஸ்டிக்ஸ். லீவுக்கு வந்தவள், நான் சுவரோரம் உதைத்துக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் பரிதாபமாகப் பார்த்தாள்.

"சித்தப்பா, நீங்க ஏன் பாதியிலயே நிறுத்தறீங்க?"

"அந்தப் பக்கம் விழுந்துட்டா?"

"விழுங்க. எங்க மாஸ்டர் மொதல்ல விழத்தான் சொல்லிக் கொடுத்தாரு."

செய்து காட்டினாள். கால்கள் மறுபக்கம் போகத் தொடங்கியதும் ஒரு கையை முன்னால் எடுத்து வைத்தாள், இடுப்பைத் திருப்பினாள். கால்கள் பக்கவாட்டில் பூப்போல இறங்கின. கோயில் வாசலில் பையன்கள் சக்கரம் அடிப்பார்களே, அதில் பாதி. இவ்வளவுதான் ரகசியம். ஹாலில் இரண்டு மெத்தையைப் போட்டு ஒரு மாதம் இதை மட்டும் செய்தேன். நிற்கவே முயற்சிக்கவில்லை, விழுந்துகொண்டே இருந்தேன். கீழ் வீட்டிலிருந்து ஒரு முறை வந்து விசாரித்தார்கள். அடுத்த மாதம், முதல் தடவையாக, சுவர் இல்லாமல் இரண்டு விநாடி.

அய்யங்கார் ஏன் இதை எழுதவில்லை? எனக்குத் தோன்றுவது, அவர் வகுப்பில் இதற்கு அவசியம் இருந்திருக்காது. பக்கத்தில் ஆசிரியர் இருப்பார், கால் தப்பினால் பிடிக்க ஒரு கை இருக்கும். புத்தகத்துக்குக் கை கிடையாது.

இன்னொரு கோணமும் உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டின் 'ஹட யோக பிரதீபிகை' சொல்கிற பதினைந்து ஆசனங்களில் இந்தத் தலைகீழ் மரம் இல்லை. அய்யங்காரின் குரு கிருஷ்ணமாச்சாரியார், பிற்காலத்தில் நம் சென்னையில் வாழ்ந்து நூறு வயதில், 1989ல் மறைந்தவர். அவர் 1930களில் மைசூர் அரண்மனையில் யோகசாலை நடத்தினார். அந்தக் காலத்து ஆசனப் பயிற்சிகளில் ஐரோப்பிய ஜிம்னாஸ்டிக்ஸ் நிறையக் கலந்திருக்கிறது என்று மார்க் சிங்கிள்டன் 2010ல் 'யோகா பாடி' என்ற புத்தகத்தில் வாதிட்டார். சண்டை இன்னும் ஓயவில்லை. அவர் சொல்வது சரியென்றால், ஒரு வித்தை ஜிம்மிலிருந்து ஆசிரமத்துக்கு வந்து, அங்கிருந்து அச்சுக்குப் போயிருக்கிறது. ஒவ்வொரு வீடு மாறும்போதும் ஏதாவது சாமான் தொலையும். இதில் தொலைந்தது மெத்தையும், பிடிக்கிற ஆளும்.

இன்றைய வீடியோக்கள் இதைச் சரிசெய்துவிட்டதாக நினைத்தால், அதுவும் அரைகுறைதான். விழச் சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதிகம் பேர் பார்ப்பது, கடற்கரையில் சூரிய அஸ்தமனத்தில் ஒருவர் ஆடாமல் அசையாமல் நிற்கிற முப்பது விநாடிகளை. அதற்கு முன்னால் விழுந்த நாற்பது தடவையை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். அய்யங்கார் விழுவதைச் சொல்லாமல் விட்டார். இவர்கள் விழுவதே இல்லை என்கிறார்கள். இரண்டில் அய்யங்கார் தேவலை.

ஒரு எச்சரிக்கை. சென்னை கண் மருத்துவர்கள் 75 யோகப் பயிற்சியாளர்களை ஆராய்ந்து 2006ல் வெளியிட்ட முடிவு: சிரசாசனத்தில் கண்ணுக்குள் அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. கையில் நின்றாலும் தலைகீழ் தலைகீழ்தான். க்ளாக்கோமா, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் காலைத் தூக்க வேண்டாம்.

மற்றவர்களுக்கு என் சிபாரிசு: 'லைட் ஆன் யோகா'வை வாங்குங்கள். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால், 'விழும்போது ஒரு கையை முன்னால் வை, இடுப்பைத் திருப்பு' என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு படியுங்கள். அருமையான பக்கம்.

சின்ன வயதில் விழுவதைத் தனியாக யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தினமும் விழுந்தோம், முட்டியை ஊதிவிட்டு ஓடினோம். எந்த வருஷத்தில் நிறுத்தினோம் என்று தெரியவில்லை. நாற்பதுக்கு மேல் எதைப் புதிதாகக் கற்றாலும், ஹிந்தியோ காரோ, தப்பு நேராத பக்கமே உதைத்துவிட்டு 'நமக்கு வராது' என்று எழுந்துவிடுகிறோம்.

என் சாதனை இதுவரை பதினோரு விநாடி. அண்ணன் மகளிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். 'கரணம் தப்பினால் மரணம்னு பழமொழியே இருக்கு, தெரியுமா?' என்று கொஞ்சம் பயமுறுத்தவும் பார்த்தேன்.

"அவங்க வீட்ல மெத்தை இல்லையா, சித்தப்பா?" என்றாள்.