பதில் வராத பாடம்

பிரேசில் நற்செய்திச் சபைகளின் ஆராதனைப் பாட்டு ஒன்றை வைத்துக்கொண்டு போர்த்துக்கீசியம் கற்பது சிலருக்கு ஒரு மோஸ்தர். அதிலும் மன அமைதி வேண்டிப் பாடும் பாட்டென்றால் கூடுதல் கிராக்கி. பாடப் பாட மொழி தானாக வந்துவிடும் என்று இதற்கு வக்காலத்து வாங்குகிறார்கள்.

பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். இதயம், மன்னிப்பு, ஜெபம் ஆகியவற்றுக்கான போர்த்துக்கீசியச் சொற்கள் மூன்றும் ஒரே மூக்கொலியில் முடிகின்றன. வரியின் கடைசியில் இயைபாகத் திரும்பத் திரும்ப வரும்போது அந்தக் கடினமான ஒலி நாவுக்குப் பழகிவிடும். நல்லது.

ஆனால் இந்தப் பாட்டு பேசுவது யாரிடம்? கடவுளிடம், அதுவும் வேதாகம நடையில். தூத்துக்குடியிலும் இலங்கையிலும் ஊழியம் செய்த அல்மெய்டா போர்த்துக்கீசியத்தில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1681இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. பலமுறை திருத்தப்பட்ட அந்த வேதாகம நடைதான் சபைப் பாட்டுக்கும் ஊற்று. அங்கே பெரும்பாலும் கடவுளை 'து' (நீ) என்று அழைத்து, அதற்குரிய முன்னிலை வினையோடு பேசுவார்கள். சாவோ பாவ்லோ தெருவிலோ எதிரே நிற்பவரை 'வொசே' என்பார்கள், வினை படர்க்கைக்குரியது. லிஸ்பனில் 'து' உயிரோடுதான் இருக்கிறது, நண்பருக்கும் குழந்தைக்கும். முன்பின் தெரியாத அதிகாரியிடம் சொன்னால் மரியாதைக் குறைவு. ஆக, பாட்டில் கற்ற பேச்சு ஓரிடத்தில் பிரசங்கமாகவும் இன்னோரிடத்தில் அதிகப்பிரசங்கமாகவும் ஒலிக்கும்.

அதைவிடப் பெரிய குறை, எதிராளி வாய் திறப்பதே இல்லை. வா, தா, நிரப்பு என்று ஏவலும் வேண்டலுமே பாட்டு முழுக்க. விலை கேட்பதில்லை, மறுப்பதில்லை, சாக்குச் சொல்வதில்லை. முடிந்துபோன செயலுக்கு ஒன்று, நடந்துகொண்டிருந்த செயலுக்கு ஒன்று என்று போர்த்துக்கீசியத்தில் இரண்டு இறந்தகாலங்கள் உண்டு. நேற்று நடந்ததை இன்னொருவருக்குச் சொல்லும்போதுதான் அவற்றின் வேறுபாடு பிடிபடும். அமைதி வேண்டுகிறவருக்கோ நேற்றைய கதையைச் சொல்ல அவசியமே இல்லை. கேட்பதிலும் சிக்கல்தான். பேச்சில் 'இருக்கிறது' என்னும் பொருளுள்ள 'எஸ்தா' வெறும் 'தா' ஆகும், 'வொசே' வெறும் 'செ' ஆகும். மெட்டில் இழுத்து நிறுத்திப் பாடியே பழகிய காது அவற்றைக் கோட்டைவிடும்.

இதில் அமைதிப் பாட்டு எல்லாவற்றிலும் மோசம். உளறி, வெட்கப்பட்டு, திருத்தப்பட்டுத்தான் எவருக்கும் புதுமொழி வரும். இந்தப் பாட்டோ அந்தப் பதற்றம் வருவதற்கு முன்பே ஆளைத் தேற்றிவிடுகிறது. நன்றாகப் பாடினோம் என்ற நிறைவை, கற்றுவிட்டோம் என்று எண்ண வைக்கிறது. பாடட்டும், அதை வழிபாடு என்று சொல்லட்டும். மொழிப் பயிற்சி என்று சொல்வதாக இருந்தால், குறுக்கே கேள்வி கேட்க ஓர் ஆளையும் கூட வைத்துக்கொள்ளட்டும்.