யார் சொன்ன பெயர்?

பழுது பார்ப்பதைத் தொழிலென்று மதிக்கிற நாம், பழுது இன்னதென்று கண்டுகொள்வதைக் கலையென்று மதிப்பதில்லை. கச்சேரிக்கும் நாட்டியத்துக்கும் ரசிகர்கள் உண்டு. ஒரு சிறு யந்திரம் சொல்லுகிற பொய்யை அதன் மூலம்வரை தேடிச் சென்று, அது பொய்யே அல்ல, நாம் கேட்ட இடம்தான் தவறு என்று நிரூபிக்கிறவருடைய சாமர்த்தியத்துக்கு ஓர் ஆஹாகாரம்கூடக் கிடைப்பதில்லை. அந்தக் குறையைச் சிறிதளவேனும் தீர்க்கவேண்டும் என்ற ஆசையாலேயே, பெங்களூரின் லிங்கராஜபுரத்தில் ஒரு பெரியவரின் மேஜையருகே அமர்ந்து நான் கண்டு அனுபவித்ததை எழுத முற்படுகிறேன்.

1948-இல் ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையும், 1954-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் பெங்களூரில் தோன்றிய பிறகு, அவற்றின் வேலைமேஜைகளில் அமர்ந்த தமிழர்கள் பலர். அவர்கள் கற்ற வித்தைகளுள் தலையாயது, எதையும் நம்பாமலும் அதே சமயம் எதையும் அலட்சியம் செய்யாமலும் சோதிக்கும் பொறுமையாகும். இந்தப் பெரியவர் அத்தகைய பயிற்சியில் வளர்ந்தவர். ஹெண்ணூர் சாலையின் இரைச்சல் எட்டும் மாடி அறையொன்றில், ஓய்வு பெற்ற பின்னும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கொண்டுவரும் கருவிகளைப் பார்த்துக்கொடுக்கிறார்.

வந்தவன் வீட்டிலிருந்தே அலுவலக வேலை செய்கிற ஓர் இளைஞன். கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது வீட்டார் உள்ளே வந்துவிடாதிருக்க, கதவருகே சிவப்பாகவும் மற்ற வேளைகளில் பச்சையாகவும் எரியும் ஒரு யூஎஸ்பி விளக்கைத் தானே செய்திருந்தான். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய ஏடிடைனி85 என்னும் எட்டுக்கால் சிப்பு, இரண்டு ஜீனர் டையோடுகள், சில ரெசிஸ்டர்கள், ஒரு எல்இடி — அவ்வளவே அதன் சரீரம். யூஎஸ்பி பேசுவதற்கென்று தனி உறுப்பு அந்தச் சிப்பில் கிடையாது. வியன்னாவைச் சேர்ந்த ஆப்ஜெக்டிவ் டெவலப்மென்ட் நிறுவனத்தாரின் வி-யூஎஸ்பி என்ற நிரல், விநாடிக்குப் பதினைந்து லட்சம் துடிப்புகள் என்ற கதியில் ஒவ்வொரு துடிப்பையும் கணக்கிட்டு, மென்பொருளாலேயே அந்தப் பாஷையைப் பேசவைக்கிறது. அந்தச் சாதனையே தனியாக ஒரு கட்டுரைக்குத் தகுந்தது, நிற்க.

"சார், நான் பண்ணது லைட்டு. ஆனா கம்ப்யூட்டர் இதை யூஎஸ்பி-ஏஎஸ்பின்னு சொல்லுது. அது சிப்புல புரோகிராம் ஏத்துற கருவி சார்" என்றான் இளைஞன்.

பெரியவர் விளக்கைக் கையில் வாங்கவில்லை. "கம்ப்யூட்டர்ல யாருப்பா அப்படிச் சொல்றது?" என்று கேட்டார்.

இந்த ஒரு கேள்வியில்தான் அந்தக் கலையின் ஜீவன் இருக்கிறது. சாதாரணமாக நாம், கருவி தன் பெயரைத் தானே சொல்லுவதாகவும், கணினி அதைக் கேட்டபடியே நமக்கு ஒப்பிப்பதாகவும் எண்ணிவிடுகிறோம். நடப்பது அதுவன்று. செருகியவுடன் கணினி கேட்பதும் கருவி கொடுப்பதும் பதினெட்டு பைட்டுகள் கொண்ட ஒரு சிறு விவரத்தொடர். அதில் ஒன்பதாவதும் பத்தாவதும் செய்தவரின் எண். பதினொன்றும் பன்னிரண்டும் பொருளின் எண். பெயர்கள் அதற்குள் எழுதப்பட்டிருப்பதில்லை. பதினைந்தாவது, பதினாறாவது பைட்டுகள் செய்தவர் பெயரும் பொருளின் பெயரும் எத்தனையாவது வாசகங்களாக வைக்கப்பட்டிருக்கின்றன என்பதை மட்டும் சுட்டுகின்றன. ஆகவே பெயரை அறிய விரும்புகிற கணினி மறுபடியும் கேட்கவேண்டும். எண்ணை வைத்துத் தன்னிடமுள்ள ஏட்டைப் புரட்டி ஒரு பெயரைச் சூட்டிவிடுவதும் உண்டு.

பெரியவர் தம்முடைய லினக்ஸ் கணினியில் விளக்கைச் செருகினார். எல்எஸ்யூஎஸ்பி என்னும் கட்டளை, வான் ஊய்ஜென் என்ற டச்சு நிறுவனத்தின் பெயரைக் காட்டியது. லினக்ஸின் கருவான கெர்னலின் செய்திப் பட்டியலோ, நிரலோடு வந்த மாதிரிப் பெயரைச் சொல்லிற்று. இளைஞனின் விண்டோஸ் மடிக்கணினி ஏற்கெனவே சொன்னதையும் சேர்த்தால், ஒரே விளக்குக்கு மூன்று பெயர்கள். மூன்றில் ஒன்றுகூட விளக்கென்று சொல்லவில்லை. காட்சி, அனுமானம், உரை என்று அளவைகளைப் பிரித்துவைத்த நம் தர்க்க நூலார் இந்த மேஜையருகே இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். ஏனெனில் பெரியவர் அடுத்துச் செய்தது, ஒவ்வொரு பெயரும் எந்த வாயிலிருந்து பிறந்தது என்று பிரித்துக் காட்டியதுதான். கெர்னல் சொன்னது, கருவியின் சொந்த வாக்குமூலம். லினக்ஸ் கட்டளை சொன்னது, எண்களுக்கு எதிரே பெயர் எழுதிவைத்த பொதுப் பட்டியலின் உரை. விண்டோஸ் சொன்னதோ, அந்த எண்ணுக்கென்று முன்பே நிறுவப்பட்டிருந்த டிரைவரின் அனுமானம்.

அந்த எண் என்ன? தசமக் கணக்கில் செய்தவர் எண் 5824, பொருள் எண் 1500. தனக்கென்று ஓர் எண் வாங்கவேண்டுமானால் யூஎஸ்பி மன்றத்துக்குப் பல ஆயிரம் டாலர் கட்டவேண்டும். ஒற்றை விளக்குச் செய்கிறவன் எங்கே போவான்? இதை உணர்ந்த வியன்னா நிறுவனத்தார், அந்த டச்சு நிறுவனத்துக்கு உரிய எண்ணின்கீழ்ச் சில பொருள் எண்களை எல்லாரும் பகிர்ந்துகொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். இது பெரிய தர்மம் என்றே நான் நினைக்கிறேன். தாமஸ் ஃபிஷ்ல் வடிவமைத்த யூஎஸ்பி-ஏஎஸ்பி என்ற புகழ்பெற்ற கருவியும் இதே 5824, 1500-ஐத்தான் தாங்கியிருக்கிறது. லிங்கராஜபுரத்தின் காம்பவுண்டு வீடுகளில் ஒரே கதவிலக்கத்தில் ஆறு குடித்தனங்கள் இருக்கும்போது தபால்காரர் இலக்கத்தோடு பெயரையும் படித்தே கடிதம் கொடுப்பதுபோல, இந்தப் பகிர்ந்த எண்ணைத் தேடும் நிரல் பெயரையும் கேட்டே தீரவேண்டும் என்பது அந்தத் தர்மத்தோடு விதிக்கப்பட்ட நிபந்தனை. விண்டோஸ் டிரைவரோ எண்ணைமட்டும் பார்த்துத் திருப்தியடைந்துவிட்டது.

"உன் சிப்புல புரோகிராம் ஏத்த என்னப்பா வச்சிருக்க?" என்றார் பெரியவர். இளைஞன் ஒரு கணம் மௌனமாயிருந்து, "யூஎஸ்பி-ஏஎஸ்பி சார்" என்றான். அந்தக் கருவிக்காக அவன் என்றோ நிறுவிய டிரைவர், அதே எண்ணோடு வந்த விளக்கையும் தன்னுடையதென்று வரித்துக்கொண்டது. தனக்கு உயிர் கொடுத்த கருவியின் பெயரையே விளக்கும் பெற்றுவிட்டது! காரணம் இவ்வளவு பூரணமாக வெளிப்படும் தருணத்தில் உண்டாகும் ஆனந்தம், நல்ல சிலேடையின் இரண்டாம் பொருள் புலப்படும்போது உண்டாகும் ஆனந்தத்துக்குச் சற்றும் குறைந்ததன்று.

எண் ஒன்றாயிருப்பதைக் குற்றமாகக் கருதித் தண்டித்தவர்களும் உண்டு. 2014 அக்டோபரில், யூஎஸ்பி சிப்புகள் செய்யும் எஃப்டிடிஐ நிறுவனத்தின் விண்டோஸ் டிரைவர், தன் சிப்புகளைப்போல் வேஷமிட்ட போலிகளின் பொருள் எண்ணைச் சுழியமாக மாற்றி எழுதிவிட்டது; போலியென்று அறியாமல் வாங்கியவர்களின் கருவிகள் பல அடையாளமிழந்து நின்றன. திருடனைப் பிடிக்க வாங்கியவனை ஒறுத்த அந்தச் செயலை என்னால் நியாயமென்று ஒப்ப முடியவில்லை. பெரியவரின் அணுகுமுறை இதற்கு நேர்மாறானது.

அவர் யாருக்கும் சொந்தமில்லாததாகத் தோன்றும் ஏதேனும் ஓர் எண்ணைக் கற்பித்துக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. பகிர்ந்த எண்களுள்ளேயே, விசைப்பலகை, மவுஸ், ஜாய்ஸ்டிக் நீங்கலான, மனிதர் கையாளுவதற்கான ஹெச்ஐடி வகைக் கருவிகளுக்கென்று 1503 இருக்கிறது. அந்த வகைக்கு விண்டோஸிலேயே டிரைவர் உள்ளமைந்திருப்பதால் அயல் டிரைவருக்கு வேலையில்லை. விளக்கின் நிரலை அவ்வகைக்கு மாற்றி எழுதச் செய்து, மாதிரிப் பெயரையும் நீக்கச் சொன்னார். செய்தவர் பெயர் ஆங்கிலத்தில் கட்டாயம் இருக்கவேண்டும், அதில் செய்தவருடைய இணைய முகவரியோ மின்னஞ்சலோ அடங்கியிருக்கவேண்டும் என்பது விதி. பொருளின் பெயரைத் தமிழிலேயே வைக்க இளைஞன் ஆசைப்பட்டான். யூஎஸ்பி மொழிப் பட்டியலில் தமிழுக்கும், பதினாறடிமானக் கணக்கில், 0449 என்று ஓர் இடம் உண்டு என்று சொல்லிப் பெரியவர் உற்சாகப்படுத்தினார்.

இங்கேதான் மிகவும் ரசமான பழுது தோன்றிற்று. நிரலில் பெயரையும் அதன் நீளத்தையும் தனித்தனியே எழுதவேண்டும். 'விளக்கு' என்று எழுதி, நான்கு எழுத்தென்று நீளத்தைக் குறித்தான். கணினி 'விளக' என்று காட்டியது. ஒற்றும் உகரமும் எங்கே போயின? பெரியவர் ஒரு காகிதத்தில் வகரம், இகரக்குறி, ளகரம், ககரம், புள்ளி, ககரம், உகரக்குறி என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். நமக்கு நான்கு எழுத்து. கணினியின் குறியீட்டில் ஏழு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட்டு வீதம் பதினான்கு, தலைப்புக்கு இரண்டு, ஆகப் பதினாறு பைட்டுகள் போகவேண்டிய இடத்தில் பத்தே போயிருந்தன. இலக்கணம் அறிந்த தமிழன் எவனும் செய்யக்கூடிய கணக்கு அது. அதைச் சோதனைக் கருவி எதுவுமின்றி, மிஞ்சிய மூன்றெழுத்தும் விடுபட்ட குறிகளும் எவையென்று பார்த்தே அவர் கண்டுகொண்டது என்னை மிகவும் கவர்ந்தது.

நான்கை ஏழாக்கினான். கடைசியில் விளக்கையும் யூஎஸ்பி-ஏஎஸ்பியையும் ஒரே மடிக்கணினியில் ஒருங்கே செருகி, சிப்பில் நிரல் ஏற்றும் மென்பொருளை ஓட்டினார்கள். அது தன் கருவியைக் கண்டுகொண்டது. விளக்கை இயக்கும் கணினி நிரலும் எண்ணையும் பெயரையும் கேட்டு விளக்கைக் கண்டுகொண்டது. இரண்டையும் இடம் மாற்றிச் செருகியும் பார்த்தபின்தான் பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார்.